ஸ்டெல்த் போர் விமானத்தை நண்பனுக்கு விற்கும்போது எதைக் குறைக்கிறார்கள்?

2025 ஜூன் 14 ராத்திரி பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி என்ற ஸ்டெல்த் போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது நினைவிருக்கும். வானிலை சரியில்லை, எரிபொருள் குறைவு, கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை என்று இறங்கிய விமானம், அப்புறம் ஹைட்ராலிக் கோளாறு வந்து ஜூலை 22 வரை அங்கேயே நின்றுவிட்டது. சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் காவல் நிற்க, மழையில் நனைந்துகொண்டு நின்ற அந்தச் சாம்பல் நிற விமானத்தின் படம் மதுரையில் பல வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது. ஹேங்கருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நம் ஆட்கள் சொன்னபோது பிரிட்டன்காரர்கள் உடனே சம்மதிக்கவில்லை. தங்கள் பொறியாளர் குழு வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளே இழுத்துப்போனார்கள். நட்பு நாட்டு மண்ணில்கூட அவ்வளவு ஜாக்கிரதை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் வேறு. அந்த விமானத்துக்குச் சொந்தக்காரரான பிரிட்டனிடமே அதற்குள் ஓடும் மென்பொருளின் சோர்ஸ் கோடு, அதாவது அந்த மென்பொருளை எழுதிய மூல வரிகள், கிடையாது. எஃப்-35 திட்டத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே முதல் நிலைக் கூட்டாளி பிரிட்டன்தான். உருவாக்கும் செலவில் சுமார் 200 கோடி டாலர் போட்டது, ஒவ்வொரு எஃப்-35லும் ஏறக்குறைய 15 சதவீதம் பிரிட்டனில் தயாராகிறது. இவ்வளவு செய்தும், சோர்ஸ் கோடு வேண்டும் என்று பல வருஷம் போராடிய பிரிட்டனிடம் 2009-ல் அமெரிக்கா தெளிவாகச் சொல்லிவிட்டது: உங்களுக்கு மட்டுமில்லை, யாருக்குமே கிடையாது.

நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு என்னிடம், "அண்ணே, ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்குறோம், அதுலயும் குறைச்சுத்தான் தருவாங்கன்னா எதுக்கு வாங்கணும்?" என்றான். நல்ல கேள்வி. ஒற்றை வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2025 மார்ச் 21 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், போயிங் நிறுவனம் செய்யப்போகும் எஃப்-47 என்ற அடுத்த தலைமுறைப் போர் விமானத்தை அறிவித்தார். நட்பு நாடுகள் அதை வாங்கக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, அவர்களுக்கு விற்கும்போது சுமார் 10 சதவீதம் குறைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம், ஏனென்றால் ஒருநாள் அவர்கள் நமக்கு நண்பர்களாக இல்லாமலும் போகலாம் அல்லவா என்று வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பாவில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் குறைத்து விற்பது 50 வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கும் வழக்கம்தான், இதுவரை யாரும் இப்படி மைக் முன்னால் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 10 சதவீதம் என்ற கணக்குதான் எனக்கு ஒப்பவில்லை. போர் விமானத்தில் அப்படித் திருகிக் குறைக்கிற குமிழ் எதுவும் கிடையாது. எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்று பார்த்தால் இது புரியும்.

முதலில் ஸ்டெல்த் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத விமானம் என்று சினிமாக்காரர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். ரேடார் ஒரு ரேடியோ அலையை அனுப்பும், அது விமானத்தில் பட்டுத் திரும்பி வரும், வந்த அலையை வைத்து விமானம் எங்கே இருக்கிறது என்று ரேடார் கண்டுபிடிக்கும். அந்த அலை திரும்பி வராமல் வேறு பக்கம் சிதறிப்போகும்படி உடம்பின் ஓரங்களையும் சரிவுகளையும் அமைப்பது முதல் வேலை. மிச்சம் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும் பூச்சும் பொருள்களும் இரண்டாவது வேலை. குண்டுகளையும் ஏவுகணைகளையும் இறக்கைக்கு அடியில் தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைப்பதும், என்ஜின் வெப்பத்தை மறைப்பதும் இதோடு சேரும்.

இதில் ஒரு கணக்கு முக்கியம். ரேடார் எவ்வளவு தூரத்தில் விமானத்தைப் பிடிக்கும் என்பது, விமானம் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பு அளவின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதாவது பிரதிபலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் ரேடாரின் தூரம் பத்தில் ஒரு பங்காகும். 400 கிலோமீட்டரில் தெரியவேண்டிய விமானம் 40 கிலோமீட்டரில் தெரியும். 40 கிலோமீட்டரில் தெரியும் என்பதையும் கவனியுங்கள், தெரியவே தெரியாது என்று அர்த்தமில்லை. 1999 மார்ச் 27 அன்று செர்பியா பழைய சோவியத் எஸ்-125 ஏவுகணையை வைத்தே அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியிருக்கிறது.

இன்னொன்று. திருவனந்தபுரம் விமானத்தை நம் விமானப்படையின் ரேடார் பிடித்துவிட்டது, ஸ்டெல்த் எல்லாம் பொய் என்று அப்போது பலர் எழுதினார்கள். அமைதிக் காலத்தில் இந்த விமானங்கள் ஒளிந்து பறப்பதில்லை. அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரைப் போட்டுக்கொண்டு பறக்கும், பல சமயம் லூனெபெர்க் லென்ஸ் என்ற சின்னக் குமிழ்களை உடம்பில் மாட்டி, பிரதிபலிப்பை வேண்டுமென்றே கூட்டிக்கொண்டும் பறக்கும். பத்திரமாகப் பறப்பது ஒரு காரணம். தன் உண்மையான பிரதிபலிப்பு அளவை மற்றவர்களின் ரேடார் பதிவு செய்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

சரி, இப்படிப்பட்ட விமானத்தில் விற்பவர் எங்கே கை வைக்கலாம்?

உடம்பின் வடிவத்தில் கை வைக்க முடியாது. வடிவத்தை மாற்றினால் அது வேறு விமானமாகிவிடும். திரும்பவும் காற்றுச் சுரங்கச் சோதனை, திரும்பவும் பறக்கும் சோதனை, தனித் தயாரிப்பு வரிசை என்று செலவு ஏறிவிடும். எஃப்-35 அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் உருவானாலும், இத்தாலியின் கமேரியில் உருவானாலும், ஜப்பானின் நகோயாவில் உருவானாலும் எலும்பும் தோலும் ஒன்றுதான். பூச்சை மாற்றலாம், ஆனால் பூச்சு இரண்டு வகை ஆனால் பராமரிப்பும் உதிரிப் பாகமும் இரண்டு வகையாகும், அதுவும் தலைவலி. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய, தொட்டுப் பார்க்கக்கூடிய எதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் உள்ளே இருக்கும்: ரேடாரில் எந்தெந்த வேலைமுறைகள் திறந்திருக்கின்றன, எதிரி ரேடாரைக் குழப்பும் மின்னணுப் போர்க் கருவி எந்தத் தரம், எந்த ஏவுகணைகளைச் சுட அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலாக மென்பொருளும் தரவும் யார் கையில்.

இந்தத் தரவு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. எஃப்-35ல் மிஷன் டேட்டா ஃபைல் என்று ஒரு தரவுத் தொகுப்பு ஏற்றப்படும். விமானம் பறக்கும்போது அதன் உணர்கருவிகளில் சுற்றுவட்டாரத்து ரேடியோ சிக்னல்கள் எல்லாம் வந்து விழும். இது விமான நிலைய ரேடாரா, வணிகக் கப்பலின் ரேடாரா, எதிரியின் ஏவுகணைத் தளத்து ரேடாரா, அந்தத் தளம் எவ்வளவு தூரம் பார்க்கும், எந்தப் பக்கம் திரும்பிப் போனால் அதற்குக் குறைவாகத் தெரியும் என்று விமானிக்குச் சொல்வதற்கு, ஒவ்வொரு ரேடாரின் குணமும் ஏற்கெனவே அந்தத் தொகுப்பில் இருக்க வேண்டும். தொகுப்பு பழையது என்றால், அல்லது உங்கள் எதிரியின் புது ரேடார் அதில் இல்லை என்றால், விமானம் பறக்கும், சுடும், ஆனால் எதிரில் நிற்பது யார் என்று தடுமாறும். உடம்பில் ஸ்டெல்த் முழுசாக இருந்தும் அந்த ஸ்டெல்த்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற புத்தி பாதியாகிவிடும்.

இந்தத் தொகுப்பை எங்கே தயாரிக்கிறார்கள்? ஃபுளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தில். சோர்ஸ் கோடு தர மாட்டோம், அதற்குப் பதிலாக எங்கள் மண்ணில் ஆய்வகம் வைத்து உங்களுக்கு வேண்டிய தரவைத் தயாரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அமெரிக்கா கொடுத்த வழி. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஒரு கூட்டு ஆய்வகத்தில் வேலை செய்கின்றன, நார்வேயும் இத்தாலியும் சேர்ந்து இன்னொன்று வைத்திருக்கின்றன. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஓர் அறையை மட்டும் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் நம் ஊரில் உண்டே, அந்த ஏற்பாடுதான் இது. வாடகைக்காரர் வீடு முழுக்கப் புழங்கலாம், அந்த அறையில் ஒரு வேலை என்றால் வீட்டுக்காரர் வந்துதான் திறக்க வேண்டும்.

பராமரிப்பிலும் இதே கதை. விமானம் எப்போது பறந்தது, எந்தப் பாகம் தேய்ந்தது, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் முன்பு அலிஸ் என்றும் இப்போது ஓடின் என்றும் பெயர் கொண்ட கணினி அமைப்பு வழியாக ஓடுகிறது. நம் விமானம் என்ன செய்கிறது என்பது இப்படி அமெரிக்காவுக்கு ஓயாமல் தெரிந்துகொண்டே இருக்குமா என்று நார்வேயும் இத்தாலியும் கவலைப்பட்டு, எந்தத் தரவு வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று வடிகட்டும் வசதியைக் கேட்டு வாங்கின. கூட்டாளி நாடுகளுக்கே இப்படி!

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா நினைத்தால் ஒரு பட்டனை அழுத்தி எந்த நாட்டு எஃப்-35ஐயும் வானத்திலேயே நிறுத்திவிடும் என்று 2025 மார்ச்சில் ஐரோப்பா முழுக்கப் பேச்சு. அப்படி ஒரு கில் ஸ்விட்ச் கிடையாது என்று எஃப்-35 திட்ட அலுவலகம் அதிகாரபூர்வமாக மறுத்தது, வாங்கிய சில நாடுகளும் அதையேதான் சொன்னன. எனக்கு அந்தப் பட்டன் தேவையே இல்லை என்று தோன்றுகிறது. தரவுத் தொகுப்பைப் புதுப்பிக்காமல், உதிரிப் பாகம் அனுப்பாமல், மென்பொருளின் அடுத்த பதிப்பைத் தராமல் விட்டாலே போதும், சில மாதங்களில் பறக்கும் விமானங்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். மென்பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. டிஆர்-3 என்ற புதுக் கணினித் தொகுப்பின் மென்பொருள் தயாராகாததால், தொழிற்சாலையில் செய்து முடித்த எஃப்-35 விமானங்களை 2023 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அமெரிக்காவே ஏற்றுக்கொள்ளாமல் வைத்திருந்தது. உடம்பு தயார், புத்தி தயாராகவில்லை.

இதெல்லாம் எஃப்-35 வந்த பிறகு முளைத்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சோவியத் யூனியன் 1970களில் எகிப்து, சிரியா, லிபியா மாதிரி நாடுகளுக்கு மிக்-23 விற்றபோது, எம்எஸ் என்ற பெயரில் போன விமானத்தில் பழைய மிக்-21 காலத்து ரேடார்தான் இருந்தது. தூரத்திலிருந்து அடிக்கும் ஆர்-23 ஏவுகணையைச் சுட அதனால் முடியாது. வெளியே பார்த்தால் மிக்-23, உள்ளே பார்த்தால் ஒரு தலைமுறை பின்னால். டி-72 டாங்கியின் ஏற்றுமதி வகைகளிலும் கவசத்தைக் குறைத்தார்கள், 1991-ல் ஈராக் அதன் பலனை அனுபவித்தது.

அமெரிக்கா இன்னும் வெளிப்படையாக முயன்று பார்த்தது. கார்ட்டர் ஆட்சியில், நட்பு நாடுகளுக்கென்றே அடக்கமான ஒரு விமானம் செய்யலாம் என்று, எஃப்-16ல் பழைய ஜே79 என்ஜினைப் பொருத்தி எஃப்-16/79 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நார்த்ராப் நிறுவனம் சொந்தப் பணத்தைக் கொட்டி எஃப்-20 என்று இன்னொன்று செய்தது. ரீகன் வந்து விதிகளைத் தளர்த்தி அசல் எஃப்-16ஐயே விற்க ஆரம்பித்ததும் இந்த இரண்டையும் சீந்த ஆளில்லை. ஒன்றுகூட விற்கவில்லை. இதிலிருந்து ஆயுத வியாபாரிகள் கற்ற பாடம் ரொம்ப முக்கியமானது: வெளியே தெரிகிற மாதிரி குறைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதற்குப் பிறகு குறைப்பதெல்லாம் உள்ளே போய்விட்டது.

நம் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று இதற்குப் பொருத்தமானது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1981-ல் பாகிஸ்தானுக்கு 40 எஃப்-16 விற்க அமெரிக்கா ஒத்துக்கொண்டது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்த காலம், பாகிஸ்தானின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. விமானம் எல்லாம் சரி, ஆனால் எதிரி ரேடார் உன்னைப் பார்க்கிறது என்று விமானியை எச்சரிக்கும் கருவி இருக்கிறதே, அதில் அமெரிக்கா தன் விமானங்களில் வைத்திருந்த ஏஎல்ஆர்-69ஐத் தராமல், பழைய ஏஎல்ஆர்-46ஐத் தருவதாகச் சொன்னது. புதுக் கருவியைக் கொடுத்தால் அதன் ரகசியம் பாகிஸ்தான் வழியாகச் சீனாவுக்குப் போய்விடும் என்ற பயம். பாகிஸ்தான் மசியவில்லை. அந்தக் கருவி இல்லாமல் விமானமே வேண்டாம் என்று நின்றது. கடைசியில் 1982 முடிவில் அமெரிக்கா இறங்கிவந்து 69ஐயே கொடுத்தது, 1983 ஜனவரியில் முதல் விமானங்கள் சர்கோதாவில் இறங்கின. சின்னக் கருவி ஒன்றுதான், ஆனால் விமானி உயிரோடு திரும்புவது அதில்தான் இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது. வாங்குபவர் விவரம் தெரிந்தவராக இருந்து, விற்பவருக்கு அவரிடம் காரியமும் ஆகவேண்டியிருந்தால் குறைப்பதைப் பேரம் பேசித் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே பாகிஸ்தான் அடுத்து வாங்கப் பணம் கட்டிய 28 எஃப்-16களை, அணுகுண்டு விவகாரத்தில் பிரஸ்லர் சட்டத்தைக் காட்டி 1990-ல் அமெரிக்கா நிறுத்திவைத்தது. விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நின்றன. 1998-ல்தான் கணக்கைத் தீர்த்தார்கள், அதிலும் முழுசாக ரொக்கம் இல்லை, ஒரு பகுதியைக் கோதுமை மாதிரிப் பொருள்களாகக் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை போய்விட்டது, தயவும் போய்விட்டது.

ஏன் இவ்வளவு பயம்? விற்பவர் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஈரான் ஷா ஆட்சியில் அமெரிக்காவின் நெருங்கிய நண்பன். அன்றைக்கு அமெரிக்காவிடம் இருந்த உச்சமான எஃப்-14 விமானத்தை 79 எண்ணிக்கையில் ஈரானுக்குக் கொடுத்தார்கள், வேறு எந்த வெளிநாட்டுக்கும் கொடுக்காத விமானம். 1979-ல் புரட்சி வந்தது. ஒரே வருஷத்தில் நண்பன் எதிரி ஆனான், விமானங்கள் அங்கேயே இருந்தன. 2006-ல் அமெரிக்கக் கடற்படை தன் எஃப்-14களுக்கு ஓய்வு கொடுத்த பிறகு, உதிரிப் பாகம் எப்படியாவது ஈரானுக்குப் போய்விடும் என்று பயந்து பழைய விமானங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கியே விட்டார்கள். டிரம்ப் சொன்ன அந்த "ஒருநாள் நண்பர்களாக இல்லாமல் போகலாம்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவம்தான். தன் இன்னொரு ஸ்டெல்த் விமானமான எஃப்-22ஐ எந்த நாட்டுக்கும் விற்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1997-ல் சட்டமே போட்டதும் இதே பயத்தில்தான். ஜப்பான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை, 2011 டிசம்பரில் எஃப்-35ஐத் தேர்ந்தெடுத்தது.

பயம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. மேற்கு ஆசியாவில் அண்டை நாடுகளைவிட இஸ்ரேலின் ராணுவத் தரம் ஒரு படி மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு நாட்டுக்கு எவ்வளவு குறைப்பது என்பது அந்த நாட்டை மட்டும் பார்த்து முடிவாவதில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்து முடிவாகிறது. இஸ்ரேலுக்குப் போன எஃப்-35ல், அதாவது அதீர் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் விமானத்தில், தங்கள் சொந்த மின்னணுப் போர்க் கருவிகளையும் ஆயுதங்களையும் பொருத்திக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். இந்தச் சலுகை பிரிட்டனுக்குக்கூட இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 50 எஃப்-35 வாங்க 2021 ஜனவரியில் கையெழுத்துப் போட்டது. ஆனால் அங்கே சீன நிறுவனமான ஹுவாவேயின் 5ஜி வலையமைப்பு இருக்கிறதே, சீனா எட்டிப்பார்க்குமே என்று அமெரிக்கா நிபந்தனை மேல் நிபந்தனை போட, அந்த வருஷம் டிசம்பரிலேயே அமீரகம் பேச்சை நிறுத்திவிட்டது. சவூதிக்கும் எஃப்-35 விற்போம் என்று 2025 நவம்பரில் டிரம்ப் அறிவித்தார். உடனே எழுந்த முதல் கேள்வி, இஸ்ரேலிடம் இருப்பதைவிடக் குறைந்த விமானமா என்பதுதான்.

துருக்கியின் கதி எல்லாவற்றையும் தாண்டியது. எஃப்-35 திட்டத்தில் தொடக்கத்திலிருந்து கூட்டாளி, விமானத்தின் 900க்கு மேற்பட்ட பாகங்களைத் தயாரித்த நாடு. 2019 ஜூலையில் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பு துருக்கியில் வந்து இறங்கியது, சில நாட்களிலேயே துருக்கியைத் திட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். எஸ்-400ன் ரேடாரும் எஃப்-35ம் ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், விமானத்தின் உண்மையான பிரதிபலிப்பு அளவை ரஷ்யர்கள் படித்துவிடுவார்கள் என்பது காரணம். துருக்கிக்காகச் செய்த விமானங்களை அமெரிக்க விமானப்படையே வாங்கிக்கொண்டது. நம்மிடமும் எஸ்-400 இருக்கிறது, 2018-ல் ஒப்பந்தம், 2021 கடைசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கு எஃப்-35 கொடுக்க வழி செய்கிறோம் என்று டிரம்ப் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது துருக்கிதான்.

எல்லா ஏற்றுமதியும் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நேர் எதிராக நடந்ததும் உண்டு. மதுரையிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் நிற்கிறதே சுகோய்-30எம்கேஐ, அது ரஷ்யா விற்ற விமானம்தான். ஆனால் 1996-ல் ஒப்பந்தம் போடும்போதே இந்தியா தெளிவாக இருந்தது: உடம்பும் என்ஜினும் உங்களுடையது, உள்ளே எங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வோம். பிரெஞ்சு, இஸ்ரேலியக் கருவிகள், இந்தியக் கணினி எல்லாம் சேர்ந்து வந்த அந்த விமானம், அந்தக் காலத்தில் ரஷ்யாவிடமே இருந்ததைவிட மேலானது. பின்னாடி அதை அடிப்படையாக வைத்து ரஷ்யா தனக்காக சுகோய்-30எஸ்எம் செய்துகொண்டது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் தொடங்கிய 222-ஆவது படைப்பிரிவின் விமானங்களில் பிரம்மோஸ் ஏவுகணையும் உண்டு. இரண்டரை டன் எடையுள்ள ஏவுகணையைத் தாங்கும்படி விமானத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்தும் வேலை நாசிக்கில் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் நடந்தது. அமீரகமும் இதே மாதிரி, எஃப்-16ன் பிளாக் 60 வகையை உருவாக்கவே சுமார் 300 கோடி டாலர் போட்டு, அமெரிக்க விமானப்படையின் எஃப்-16களைவிட நல்ல ரேடாருடன் வாங்கியது. பணமும் பேரம் பேசும் பலமும் இருந்தால் வாங்குபவருக்கு மேலானதே கிடைக்கும். ஆனால் அது ஸ்டெல்த் இல்லாத விமானங்களில். ஸ்டெல்த்தில் இதுவரை அப்படி நடக்கவில்லை.

சீனாவும் இதே வழியில்தான் போகிறது. ஜே-20 ஸ்டெல்த் விமானத்தை அது யாருக்கும் விற்றதில்லை. விற்கும் பொருள்களுக்குப் பின்னால் ஓர் இ எழுத்து ஒட்டிக்கொள்ளும், ஜே-10சிஇ போர் விமானம், பிஎல்-15இ ஏவுகணை என்று. 2025 மே மாத மோதலின்போது பஞ்சாபின் ஹோஷியார்பூரில் சிதறிக் கிடந்தது பாகிஸ்தான் சுட்ட பிஎல்-15 ஏவுகணையின் பாகங்கள். ஏற்றுமதி வகையின் தூரம் என்று சீனா விளம்பரப்படுத்தியது 145 கிலோமீட்டர். சீனாவின் சொந்த வகை 200 கிலோமீட்டரைத் தாண்டும் என்பது பொதுவான மதிப்பீடு.

நாமும் குறைத்து விற்கிறவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சுமார் 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் வாங்கியது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குப் போனது 290 கிலோமீட்டர் வகை. 500 கிலோ எடையை 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும் ஏவுகணைகளை வெளியே விற்பதற்குச் சர்வதேச ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஏற்பாடு கடுமையான வரம்பு வைத்திருக்கிறது, 290 என்ற எண் வந்தது அதனால்தான். நம் சொந்த பிரம்மோஸ் 400 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்து 2017-லேயே சோதனை முடிந்துவிட்டது. பிலிப்பைன்ஸுக்கு இது தெரியும், தெரிந்துதான் வாங்கினார்கள், அவர்கள் கடலுக்கு 290 போதும்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. குறைந்த விமானம் என்பது உங்கள் எதிரியிடம் இருப்பதோடு ஒப்பிட வேண்டிய விஷயம். எதிரியிடம் ஸ்டெல்த்தே இல்லை என்றால், கொஞ்சம் குறைந்த ஸ்டெல்த்தும் பெரிய பலம்தான். டென்மார்க், பெல்ஜியம், போலந்து எல்லாம் எஃப்-35 வாங்குவது முட்டாள்தனத்தால் இல்லை. நேட்டோ கூட்டணிக்குள் இருக்கும் அவர்கள் அமெரிக்கா இல்லாமல் தனியாகப் போருக்குப் போவதாகத் திட்டமே வைத்திருக்கவில்லை, ஆகவே அந்தப் பூட்டிய அறை அவர்களை அவ்வளவாக உறுத்துவதில்லை. இந்தியா எந்தக் கூட்டணியிலும் இல்லாத நாடு. ஒரு போரின் நடுவே, அடுத்த வாரத்துத் தரவுத் தொகுப்புக்காகவும் உதிரிப் பாகத்துக்காகவும் வேறொரு தலைநகரின் முகத்தைப் பார்த்து நிற்கும் நிலைமை நமக்கு ஆகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. 10 சதவீதம் குறைவா, 20 சதவீதம் குறைவா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

பெங்களூரு எலஹங்காவில் 2025 பிப்ரவரியில் நடந்த ஏரோ இந்தியாவில் எஃப்-35ம் ரஷ்யாவின் சுகோய்-57ம் ஒரே கண்காட்சிக்கு வந்து நின்றன. சுகோய்-57ன் அடிப்படையில் நாமும் ரஷ்யாவும் சேர்ந்து ஒரு விமானம் செய்வதாக இருந்தது. 2010-ல் முதற்கட்ட வடிவமைப்புக்கு 29.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, ஸ்டெல்த்தின் தரமும் தொழில்நுட்பப் பங்கும் திருப்தி தராமல் 2018-ல் விலகினோம். இப்போது இங்கேயே தயாரிக்கலாம் வாருங்கள் என்று ரஷ்யா திரும்பவும் கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம் நம் சொந்த ஸ்டெல்த் விமானமான ஏஎம்சிஏவுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஐந்து முன்மாதிரி விமானங்கள் செய்ய மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வடிவம், பூச்சு, மென்பொருள், தரவு எல்லாம் நம் கையில் இருக்கும், அது பெரிய விஷயம். என்ஜின் மட்டும் முதல் கட்டத்தில் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தின் எஃப்414. தேஜஸ் எம்கே1ஏ விமானத்துக்கு அதே நிறுவனத்திடம் 2021-ல் 99 என்ஜின் கேட்டு, முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு பாகம் எவ்வளவு பெரிய பாகம் என்று தெரியும். ஏஎம்சிஏவின் அடுத்த கட்டத்துக்கு ஃபிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து புது என்ஜினை இங்கேயே உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் 2025 ஆகஸ்டில் சொன்னார். அந்த ஒப்பந்தத்தின் விவரம் வெளிவரும்போது விலையையும் எண்ணிக்கையையும் நான் அப்புறம்தான் பார்ப்பேன். என்ஜினின் சூடான பகுதியில் இருக்கும் டர்பைன் பிளேடுகளை எந்த உலோகக் கலவையில், எப்படி வார்ப்பது என்ற அறிவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவேன்.